உங்க ஆத்தா கூப்பிடாத பேர்

சாமி, நீ அங்கே சேலத்தில் நல்லபடியாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டே பேச ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் உங்க ஆத்தாளும் எருமையும் சுகம். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. உனக்கு மகன் பிறந்த சேதி வந்த அதே வாரம் பிறந்ததால் உங்க ஆத்தாளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். எழுத்து எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம்ம துணிக்கடை ராவுத்தர். துணிக்கு ரேஷன் கூப்பன் வந்த பிறகு அவர் கடையில் பேச்சு ஒன்றுதான் தட்டில்லாமல் கிடைக்கிறது. அதனால் மத்தியானமே நம் ஊட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் எதையாவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் திருத்துவார். நான் சொல்லப் போகிற விஷயத்தில் அவருக்கும் பங்குண்டு.

உன் கடுதாசியையும் அவர்தான் படித்துக் காட்டினார். பேர் வைக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறது. முதல் ஆண் குழந்தை, அதற்கு அப்பாரு பேரைத்தான் வைக்கவேண்டும், அதாவது என் பேரை வைக்கவேண்டும் என்று நீ நிற்கிறாய். உன் சம்சாரம் பாவாயி முடியாது என்கிறாள். பிள்ளை பிறந்த சாயங்காலம் மூன்றாம் பிறை தெரிந்ததாம், அதனால் சந்திரன் என்று வைக்கவேண்டும் என்கிறாளாம். நீ கோபித்துக்கொண்டு நாமகிரிப்பேட்டையில் உன் மாமனார் ஊட்டில் கை நனைக்காமல்கூடச் சேலத்துக்குத் திரும்பிவிட்டாய். அவள் வழிக்கு வராவிட்டால் பேர் வைக்கிற அன்றைக்குப் போகமாட்டாய். நான் பெரியவனாக நின்று அவளுக்கு நாலு வார்த்தை சொல்லவேண்டுமாம். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் அவள் சொன்னதையும் ஒரு வரியில் எழுதியிருந்தாய். அதற்காகவே உன்னை மெச்சுகிறேன், மறைக்காமல் எழுதினாய். “உங்கய்யன் பேரை வெச்சா நான் எப்படிங்க கூப்பிடறது? என்ற புள்ளையை நான் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறாள்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. நம் பேர் இன்னொரு ஆளாக நடமாடப் போகிறது என்றால் எந்தக் கிழவனுக்குத்தான் இனிக்காது? ராவுத்தரை அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். மருமகளுக்குச் சொல்ல நாலு வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது உங்க ஆத்தா முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “அந்தப் புள்ள கேக்கறதுல என்னங்க தப்பு? பேரை வெச்சுட்டு நீங்க காட்டுக்குப் போயிருவீங்க, நம்ம தம்பி மில்லுக்குப் போயிருவான். பொழுதன்னைக்கும் கூப்பிடறது ஆரு?” என்றாள். ராவுத்தர் கடுதாசியை மடித்து வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

உன் பேரிலிருந்தே தொடங்குகிறேன். அது எங்கேயிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். நம் வாசலில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைதான் உன் பேர். காலை வெயில் பட்டால் அந்தப் பாறை செம்மண் பூசின மாதிரி சிவந்து நிற்கும், அதனால் செங்கோடு. அந்த மலையில் இருக்கிறவன் செங்கோடன். என் அய்யனைப் பெற்றவர்களுக்குப் பல வருஷம் பிள்ளையில்லாமல், மலைப்படி ஏறி வேண்டிக்கொண்டு பிறந்தவர் அவர். அதனால் அவருக்கு அந்தப் பேர். அவருக்குப் பேரனாக நீ பிறந்ததால் உனக்கு அந்தப் பேர். நம்மைப் போலவே இந்தச் சீமையில் எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது. எந்த ஊட்டை எட்டிப் பார்த்தாலும் ஒரு செங்கோடன் இருப்பான். அடையாளத்துக்காக ஓடைக்காட்டுச் செங்கோடன், நெட்டைச் செங்கோடன், சுண்ணாம்புச் செங்கோடன், ரெண்டு பொண்டாட்டிச் செங்கோடன் என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த ரெண்டு பொண்டாட்டிக்காரருக்கு உண்மையில் ஒரு சம்சாரம்தான். யாரோ விளையாட்டாய்ச் சேர்த்தது, கடைசி வரை போகவில்லை.

இத்தனை பேர் வைத்திருக்கிற பேரை உங்க ஆத்தா சொல்லமாட்டாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். அந்தப் பேரைத் தாங்கின பிள்ளையையும் கூப்பிடக்கூடாது. அந்தப் பேர் கலந்த ஊரையும் சொல்லக்கூடாது. திருச்செங்கோட்டுக்குப் போவதென்றால் “மலைக்குப் போயிட்டு வாரேன்” என்பாள். முன்னே ஒரு தரம் சங்ககிரி ஸ்டேஷனில் இறங்கி அவளும் அவள் தங்கையும் பஸ் ஏறியிருக்கிறார்கள். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டால் மலைக்கு என்கிறாள். எந்த மலைக்கு, கொல்லிமலைக்கா சேர்வராயன் மலைக்கா என்று அவர் இழுக்க, இவள் யோசித்து, “பாதி பொம்பளையா ஒரு சாமி நிக்குதே, அந்த மலைக்குங்க” என்றிருக்கிறாள். பஸ்ஸே சிரித்ததாம். ஆனால் சரியான டிக்கெட் கிடைத்துவிட்டது. அந்தப் பாதி பொம்பளையை மனசில் வைத்துக்கொள் சாமி, பின்னால் வருகிறேன்.

நீ பிறந்த பிறகு ஊட்டுக்குள்ளேயே அந்தத் தொல்லை வந்தது. என் அய்யன் இருக்கிற இடத்தில் அவர் பேரைச் சொல்லி வாடா போடா என்று கூப்பிட எனக்கும் வாய் வராது, சின்னவனே என்பேன். உங்க ஆத்தா உன்னைச் சாமி என்பாள், தம்பி என்பாள், கண்ணு என்பாள். தைரியமாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் உங்க அப்பாரு, அதாவது என் அய்யன், ஒருத்தர்தான். தன் பேரைத் தானே கூப்பிட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். உன்னை வைவதற்கும் வழியில்லை. மாமனார் பேரை வைத்திருக்கிறவனை எப்படி வைவது? நீ தயிர்ப்பானையை உருட்டிவிட்டால் அவள் உன்னைப் பார்த்துக்கொண்டே எருமைக்கன்றை வைவாள். “ஏண்டா, உனக்குக் கை சும்மா இருக்காதா, தின்னது செரிக்கலையா” என்று அந்த வாயில்லாத சீவனைப் பிடித்து வாங்குவாள். நீ பாவம், கன்றுதான் தப்பு செய்துவிட்டது என்று நினைத்து அதற்கு ஒரு பிடி சோளத்தட்டு எடுத்துக்கொண்டு போய் ஊட்டிக்கொண்டிருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தது உனக்கு ஞாபகம் இருக்காது. நான் கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன், தண்ணீர் இறைப்பை நடுவில் விட்டுவிட்டுப் போகமுடியவில்லை. அவள் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். வாத்தியார் கீழ்ச்சீமையிலிருந்து வந்த புது ஆள், நம் வழக்கம் தெரியாது. பையன் பேர் என்ன என்று கேட்டார். அவள் சன்னல் வழியாகக் கையை நீட்டி, அதோ, அதுதானுங்க என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். மலை தெரிந்தது. மலையப்பன் என்று எழுதிக்கொண்டார். மறுநாள் வகுப்பில் உன்னைக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் தெரியுமா, சாமி என்றாய். உன் ஆத்தா கூப்பிடுகிற பேர் அதுதானே. அப்புறம் ஒரு மாசம் போல வாத்தியார் திண்டாடினார். பேர் இருக்கிற மலையப்பன் ஒரு நாளும் வருவதில்லை, பேரே இல்லாத சாமி ஒரு நாளும் தவறுவதில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் உன்னையே துணைக்கு வழிகாட்டக் கூட்டிக்கொண்டு, உன் கையைப் பிடித்தபடி நம் காட்டுக்கு வந்து, “ஏங்க, உங்க மலையப்பனை ஏன் படிக்க அனுப்பறதில்லை?” என்று என்னைக் கேட்டார். எனக்கு எந்த மலையப்பன் என்று விளங்கவில்லை. உங்க அப்பாரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சிரித்த கதையெல்லாம் இவ்வளவுதான். அடுத்த வைகாசியில் தேருக்குப் போனோம். வண்டி கட்டிக்கொண்டு நாம் நாலு பேரும். தேர் தெருமுனையில் நின்றிருந்தது. நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டிப்பேட்டைக்குப் போனேன், உங்க அப்பாரு தேங்காய்பழம் வாங்கப் போனார். உங்க ஆத்தா வளையல் கடையில் ஒரு கையை நீட்டினாள். இன்னொரு கையில் இருந்த நீ நழுவிவிட்டாய். திரும்பினால் ஆளைக் காணோம். ஜில்லாவிலுள்ள சனம் பூராவும் அந்தத் தெருவில் நிற்கிறது. சாமி, சாமி என்று கூவிப் பார்த்தாள். தேருக்கு முன்னால் நின்று சாமி சாமி என்றால் யார் திரும்புவார்கள்? பக்கத்தில் இருந்த பொம்பளைகள் இவளுக்கு அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தெருவோரத்தில் ஸ்டூல் போட்டு ஒரு வாலிபர் துண்டு விற்றுக்கொண்டிருந்தார். இப்போது இதை எழுதுகிறவர்தான் அவர். இவள் ஓடிப்போய், என் பையனைக் காணோம், கொஞ்சம் சத்தம் போட்டுக் கூப்பிடுங்க என்றாள். அதற்குமேல் நடந்ததை அவரே எழுதட்டும், அவருக்குத்தான் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம்.

“பையன் பேரு என்னம்மா?”

“அது என்ற மாமனாரு பேருங்க.”

“சரி, உங்க மாமனாரு பேரு என்ன?”

“அது என்ற பையன் பேருங்க.”

ராவுத்தர் துண்டைப் போட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவள் அழுதுகொண்டே மலையைக் காட்டினாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். ஸ்டூல்மேல் ஏறி, தறிக்காரர் தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி “செங்கோடா” என்று ஒரு குரல் விட்டார். கூட்டம் பூராவும் திரும்பிற்று. பழக்கடைக்காரர் என்னங்க என்கிறார். மேளக்காரர் அடிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். தடியூன்றின கிழவர் ஒருத்தர், ஆரு சாமி கூப்பிட்டது என்று நெருக்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். இன்னொருத்தர் துண்டு இனாமாகக் கொடுக்கிறார்களாக்கும் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தேங்காய்பழத்தோடு உங்க அப்பாருவும் வந்து நிற்கிறார், கூப்பிட்டது ஆரு என்று. எல்லாச் செங்கோடனும் வந்தாயிற்று, நீ மட்டும் வரவில்லை.

ஸ்டூல் உயரத்துக்கு எக்கிப் பார்த்த உங்க ஆத்தா கண்ணில்தான் நீ பட்டாய். தேருக்கு முன்னால் தரையில் கிடந்த வடத்தின்மேல், ஏதோ மரக்கட்டையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தாய். யார் கொடுத்தார்களோ. வடம் உன் தொடையைவிடத் தடிமன். இந்தப் பக்கம் சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆட்கள் குனிந்து வடத்தில் கை வைக்கிறார்கள். இழுத்தார்களானால் வடம் விண்ணென்று எழும்பி உன்னைச் சக்கரத்துப் பக்கமே தூக்கி எறியும். அவளுக்கும் உனக்கும் நடுவில் ஆயிரம் தலை. சாமி என்று கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. மாமனார் பக்கத்தில் நிற்கிறார். அவள் வாயைத் திறந்து “செங்கோடா” என்று கூப்பிட்டாள். வண்டிப்பேட்டையில் இருந்த எனக்குக் கேட்டது. யாரோ பொம்பளை, யார் ஊட்டுப் பிள்ளையோ என்றுதான் நினைத்தேன். அந்தக் குரலில் அந்தப் பேரை அதற்கு முன்னே நான் கேட்டிருந்தால் அல்லவா அடையாளம் தெரியும்.

நீயும் திரும்பவில்லை சாமி. அதுதான் விஷயம். உன் ஆத்தா குரல் உனக்குத் தெரியும், உன் பேரும் தெரியும். ரெண்டும் சேர்ந்து ஒரு நாளும் உன் காதில் விழுந்ததில்லை. நீ பாட்டுக்குக் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தாய். திரும்பினது பெரிய செங்கோடன்தான். மருமகள் தன் பேரைச் சொல்லிவிட்டாளே என்று அவர் ஒரு கணம்கூட முகம் மாறவில்லை. “வாரேன் சாமி” என்றார். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தார். தேங்காய்பழத்தை ராவுத்தர் கையில் திணித்துவிட்டு, ஏர் ஓட்டின தோள் அல்லவா, கூட்டத்தைக் கதிர் விலக்குகிற மாதிரி ரெண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போய், உன்னை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். அவர் ரெண்டு எட்டு வைப்பதற்குள் வடம் எழும்பித் தேர் நகர்ந்தது. உன் கையில் மிச்சம் ஒரு பழம் இருந்ததாம். அதைத் தாத்தனுக்கு நீட்டினாயாம்.

திரும்பி வருகிறபோது நான் வண்டியை ஓட்டினேன். உங்க ஆத்தா முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பின்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏரிக்கரை தாண்டின பிறகு உங்க அப்பாரு திரும்பாமலே கேட்டார்.

“ஏஞ்சாமி, இத்தனை நாளா அந்தத் தொண்டையை எங்க வெச்சிருந்தே?”

“தப்புங்க மாமா. வாய் தவறிப்போச்சுங்க.”

“தவறலே. சரியாத்தான் வந்துச்சு. இனிமே அப்பிடியே கூப்பிடு. அவன் திரும்பலீன்னா நான் திரும்பறேன்.”

அவர் உத்தரவு கொடுத்துவிட்டார். ஆனாலும் அவள் அப்புறம் ஒரு நாளும் கூப்பிடவில்லை. அவர் இருந்த வரைக்கும் இல்லை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இல்லை. நாக்கு மரத்துப் போச்சுங்க என்பாள். நீ மில்லுக்கு முதல்முதல் புறப்பட்ட அன்று பஸ்ஸில் அந்தப் பக்கத்துச் சன்னலில் போய் உட்கார்ந்துவிட்டாய். இவள் இந்தப் பக்கம் நின்று சாமி, சாமி என்றாள். கண்டக்டர் திரும்பினார், உள்ளே இருந்த கிழவி ஒருத்தி திரும்பினாள், டிரைவர்கூடத் திரும்பினார். பஸ் போய்விட்டது. கையில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை அவள் கிடாவுக்குப் போட்டாள். நீ முறுக்கு வரவில்லையே என்று அப்புறம் கேட்டாயே, அது இதுதான்.

இப்போது அந்தப் பாதி பொம்பளைக்கு வருகிறேன். மலைமேல் நிற்கிற சாமி பாதி ஆம்பளை, பாதி பொம்பளை. பாதிக்கு மீசை, பாதிக்கு மூக்குத்தி. அப்பேர்ப்பட்ட மலையின் பேரை எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, அதைப் பொம்பளை சொல்லக்கூடாது என்று யார் ஏற்படுத்தினார்களோ, அவர்கள் அந்தப் படியே ஏறாதவர்களாகத்தான் இருக்கவேண்டும். ராவுத்தர் இதைக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கத்திலும் புருஷன் பேரைச் சொல்லச் சொன்னால் பொம்பளைகள் முக்காட்டைத்தான் இழுப்பார்கள் என்கிறார். ஆக எல்லா ஊட்டிலும் இதுதான்.

உன் மகனுக்கு என் பேரை வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார். பாவாயிக்கு நான் மாமனார், அவள் கூப்பிடமுடியாது. உங்க ஆத்தாளுக்கு நான் புருஷன், அவளும் கூப்பிடமுடியாது. ராப்பகலாய் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கப் போகிறவர்கள் அவர்கள் ரெண்டு பேரும். பேர் உன்னிடமும் என்னிடமும் இருக்கும், பிள்ளை அவர்களிடம் இருக்கும். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து நீ பிடிவாதம் பிடிக்கிறாய் கண்ணு. யாரும் கூப்பிடாத பேரால் எனக்கு என்ன மரியாதை? என் பேருக்கு ஒன்றும் குறைவில்லை, நான் இன்னும் அதை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன், தேயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதனால் இதைச் செய். இந்தக் கடுதாசி கண்டதும் மில்லில் லீவு சொல்லிவிட்டு நாமகிரிப்பேட்டைக்குப் போ. போனவுடன் அவர்கள் ஊட்டில் சாப்பிடு, போன தரம் விட்டுவிட்டு வந்ததற்கும் சேர்த்துச் சாப்பிடு. பாவாயியிடம் சந்திரன் என்றே வைக்கலாம் என்று நீயாகச் சொல். நான் சொல்லி நீ சொல்வதாகச் சொல்லாதே, அதற்கு ருசி இல்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் வந்துவிடுவோம், கிடாரிக்கன்றை மட்டும் ராவுத்தர் ஊட்டில் கட்டிவிட்டு. பிள்ளை காதில் பேரை அத்தைக்காரிதான் முதலில் சொல்லவேண்டும் என்று யாராவது முறை பேசினால், பேசட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முதலில் பாவாயி சொல்லட்டும். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லட்டும். சந்திரன் நல்ல பேர். சேலத்தில் இப்போது தெருவுக்குத் தெரு சந்திரன் என்று ராவுத்தர் சொல்கிறார். இருக்கட்டும். நாளைக்கு ஒரு தேர்க் கூட்டத்தில் அவள் கூப்பிட்டால் பத்துச் சந்திரன் திரும்பட்டும், அதில் ஒருத்தன் அவள் பிள்ளையாக இருப்பான்.

இதோடு முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ராவுத்தர் உறையை எடுத்து வைத்துக்கொண்டு, மேலே பேர் எழுதவேண்டுமே என்று என்னைப் பார்த்தார். என் வாய் நிறைய வெற்றிலை. உங்க ஆத்தாளைக் கையைக் காட்டினேன். அவர் பேனாவை வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஸ்டூல் ஓரத்தில் கேட்ட அதே மாதிரி, “பையன் பேரு என்னம்மா?” என்றார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மலைப் பக்கம் கை நீளப்போகிறது என்றுதான் நான் இருந்தேன். நீளவில்லை. “செங்கோடன்னு எழுதுங்க” என்றாள். அவர் காது கேட்காத மாதிரி, என்னம்மா என்றார். “செங்கோடன்” என்றாள், தேரன்றைக்கு விட்ட தொண்டையில் பாதிக்கு மேல் இருக்கும். தெருவில் போய்க்கொண்டிருந்த ஓடைக்காட்டுச் செங்கோடன் வாசல் படலைத் தள்ளித் தலையை நீட்டி, “கூப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இதையும் சேர்த்து எழுதச் சொல்லி உறையிலிருந்து கடுதாசியைத் திரும்ப எடுக்க வைத்துவிட்டேன், ராவுத்தர் முனகுகிறார். உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, எடுத்துப் பார் சாமி. மேலே இருக்கிற பேர் உன் ஆத்தா வாயால் சொன்னது. ஓடைக்காட்டுக்காரர் திரும்பிவிட்டார். இந்தத் தடவை நீயும் திரும்பு.